மறதிக்கு ஒரு நோட்டு

முதுமையில் நினைவு தவறும்போது அதைத் தேதி போட்டு எழுதிவைக்கச் சொல்கிறார்கள் டாக்டர்கள். அப்படி எழுதிய ஒரு புனேக்காரரின் நோட்டு, அவர் பயந்ததைச் சொல்லவில்லை. வேறொன்றைச் சொன்னது.

புனே நகரின் சதாசிவ் பேட்டை. பழைய வாடா ஒன்றை இடித்துக் கட்டிய நான்கு மாடிக் குடியிருப்பில், இரண்டாவது மாடியில் இருக்கிறது அந்த வீடு. இரவுச் சாப்பாடு முடிந்ததும் குடும்பத் தலைவர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து மேஜையில் வைக்கிறார். மின் கட்டண ரசீதின் பின்பக்கம். பகலில் கிறுக்கிய நாலைந்து வார்த்தைகள் அதில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துப் பார்த்து, பழுப்பு அட்டை போட்ட 200 பக்க நோட்டில் மராத்தியில் எழுதுகிறார். அன்றைக்கு எதையெல்லாம் மறந்தார் என்ற கணக்கு அது.

தொலைபேசித் துறையின் கணக்குப் பிரிவில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது 71. தன் பெயரோ மனைவியின் பெயரோ அச்சில் வரக்கூடாது என்பது அவரது ஒரே நிபந்தனை. கடந்த ஆண்டு குடி பாட்வா அன்று, மராத்தியரின் வருடப் பிறப்பு நாளில், நோட்டைத் தொடங்கினார். முதல் வாரக் குறிப்புகளில் சில:

"துளசி பாக் கடையில் 500 ரூபாய் கொடுத்துவிட்டு மீதி வாங்காமல் வந்துவிட்டேன். கடைப்பையன் ஓடிவந்து கொடுத்தான்."

"மொட்டை மாடிக்கு ஏன் ஏறினேன் என்று தெரியவில்லை. கீழே வந்ததும் நினைவு வந்தது. கொடியில் துணி."

"பழைய தலைமை அதிகாரியின் பெயர் வரவில்லை. மாலை 4 மணி. இரவு பல் துலக்கும்போது தானாக வந்தது."

"நாசிக் கல்யாணத் தேதியை இவளிடம் சொல்ல மறந்திருக்கிறேன். கோபித்துக்கொண்டாள்."

எழுதத் தூண்டியது பயம். சாத்தாராவில் இருந்த அவருடைய அண்ணன் அல்ஸைமர் நோயில் எட்டு ஆண்டுகள் இருந்து இறந்தார். கடைசி நான்கு ஆண்டுகளில் தம்பி போகும்போதெல்லாம், யார் வீட்டைத் தேடுகிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார். சிறு வயதில் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளியில் விட்ட அண்ணன். "அடுத்தது நான்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்" என்கிறார் தம்பி. "வருவது வரட்டும், கணக்காவது சரியாக இருக்கட்டும் என்று நோட்டு வாங்கினேன்."

இந்தியாவில் வயதானவரின் மறதிக்குக் கேலிப் பெயர்கள் எப்போதும் இருந்திருக்கின்றன. இந்திக்காரர்கள் தடுமாறும் கிழவரை 'சட்டியா கயா' என்பார்கள். அறுபதைத் தொட்டுவிட்டார் என்று அர்த்தம். அறுபதில் புத்தி ஓடிப்போகும் என்று மராத்தியில் பழமொழியே உண்டு. வங்காளிகள் இன்னும் கொஞ்சம் அவகாசம் தருகிறார்கள். அவர்களுடைய 'பீம்ரதி' என்ற சொல், 77 வயது முடிந்து 7 மாதமும் ஆன பின் வரும் ஏழாவது இரவைக் குறித்தது. மத்திய கேரளத்தில் 'சின்னன்' என்று சொல்வார்கள். வியாதி என்று எந்த மொழியும் சொல்லவில்லை. வயதானால் அப்படித்தான் என்று எல்லா மொழிகளும் சொல்லின.

அப்படி இல்லை என்பதற்கு இப்போது கணக்கு இருக்கிறது. நாடு முழுவதும் முதியோரைப் பரிசோதித்த ஆய்வு ஒன்றின் முடிவு 2023-ல் வெளியானது. 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா எனப்படும் நினைவுச் சிதைவு இருப்பதாக அது மதிப்பிட்டது. 2010-ல் வெளியான அறிக்கை சொன்ன எண் 37 லட்சம். ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் பாதிப்பு அதிகம் என்று புதிய ஆய்வு காட்டியது. இதையே திருப்பிப் பார்த்தால் 100 முதியவர்களில் 92 பேருக்கு டிமென்ஷியா இல்லை. ஆனால் சாவியைத் தொலைக்காதவர்கள் அந்த 92 பேரிலும் இருக்க முடியாது.

எது வெறும் மறதி, எது நோயின் முதல் தட்டு? அதைப் பிரித்துச் சொல்ல டாக்டருக்கு விவரம் வேண்டும். 'எனக்கு இப்போதெல்லாம் எதுவும் நினைவில் நிற்பதில்லை' என்ற ஒரு வரியை வைத்து எதுவும் செய்ய முடியாது. எதை மறந்தார், எப்போது, எவ்வளவு நேரம் கழித்து நினைவு வந்தது, வந்ததா இல்லையா என்பதெல்லாம் தெரிய வேண்டும். மறதியைப் பற்றிய விவரத்தை நினைவிலிருந்து கேட்டால் எப்படி வரும்? அதனால்தான் நோட்டு.

இந்த நோயின் வரலாறே அன்றாடக் குறிப்புகளில்தான் தொடங்கியது. 1901 நவம்பரில் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் அகஸ்டே டெட்டர் என்ற 51 வயதுப் பெண் சேர்க்கப்பட்டார். டாக்டர் அலோய்ஸ் அல்ஸைமர் அவரிடம் கேட்ட கேள்விகளையும் கிடைத்த பதில்களையும் அப்படியே எழுதிவைத்தார். தன் பெயரை எழுதச் சொன்னபோது அந்தப் பெண்ணால் அதை முடிக்க முடியவில்லை. அவர் 1906-ல் இறந்தார். அதே ஆண்டு அல்ஸைமர் இந்த நோயைப் பற்றி மருத்துவர் கூட்டத்தில் பேசினார். 1910-ல் நோய்க்கு அவர் பெயர் வந்தது. தொலைந்துபோனதாக நினைத்திருந்த அந்தக் குறிப்புக் கோப்பு 1995-ல் ஃபிராங்ஃபர்ட்டிலேயே கிடைத்தது.

ஆரோக்கியமானவர்கள் எவ்வளவு மறக்கிறார்கள் என்பதையும் நோட்டுகள்தான் காட்டிக்கொடுத்தன. பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் 1970-களில் 35 பேரிடம் நோட்டுக் கொடுத்து, இரண்டு வாரங்களில் செய்த தவறுகளை எழுதச் சொன்னார். சேர்ந்தவை 433. தலைக்குச் சுமார் 12. செய்ய நினைத்ததைச் செய்யாமல் விட்டது, செய்ததையே மீண்டும் செய்தது, ஓர் அறைக்குள் போய் எதற்கு வந்தோம் என்று நின்றது. நோயாளிகள் அல்ல, சாதாரண மனிதர்கள்.

வாய்வரை வந்து நிற்கும் வார்த்தைகளைப் பற்றி அமெரிக்காவில் டெபோரா பர்க் குழுவினர் 1991-ல் வெளியிட்ட ஆய்வும் நான்கு வார நோட்டுகளை நம்பியதுதான். இளைஞர், நடுவயதினர், முதியவர் மூவருமே எழுதினார்கள். முதியவர்களுக்கு இந்தச் சங்கடம் அதிகம் வந்தது. குறிப்பாக ஆட்களின் பெயர்களில். ஆனால் முக்கால்வாசிக்கும் மேல் தேடிய பெயர் பிறகு கிடைத்துவிட்டது. பல முறை தேடுவதை விட்ட பின், தானாகவே. புனேக்காரருக்குப் பல் துலக்கும்போது வந்த மேலதிகாரி பெயர் இந்த வகை.

தேதி நினைவில்லை என்று கலங்குபவர்களுக்கும் ஆறுதல் உண்டு. ஹாலந்தைச் சேர்ந்த வில்லெம் வாகனார் என்ற உளவியலாளர் தன் வாழ்வில் நடந்த 2,400 சம்பவங்களை ஆறு ஆண்டுகள் குறித்துவைத்துத் தன்னையே பரீட்சித்தார். என்ன நடந்தது என்ற குறிப்பு கொடுத்தால் மற்றவை நினைவுக்கு வந்தன. எப்போது என்ற குறிப்பை மட்டும் கொடுத்தால் அநேகமாக எதுவும் வரவில்லை. மனித நினைவு நாட்காட்டிபோல அடுக்கிவைப்பதில்லை.

மூன்று மாதம் எழுதிய பிறகு புனேக்காரர் ஒரு நரம்பியல் டாக்டரிடம் போனார். 92 நாட்கள், 74 குறிப்புகள். கணக்குப் பிரிவுக்காரர் என்பதால் மாதவாரியாகக் கூட்டிக் கடைசிப் பக்கத்தில் மொத்தம் போட்டிருந்தார். டாக்டர் அவசரப்படவில்லை. வெளியே நோயாளிகள் காத்திருக்க, பென்சிலோடு முழு நோட்டையும் படித்தார். பிறகு சில வழக்கமான சோதனைகள். மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லிச் சற்று நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டது, கடிகாரம் வரையச் சொன்னது.

தீர்ப்பு எளிதாக இருந்தது. மீதிச் சில்லறை, மொட்டை மாடி, மேலதிகாரி பெயர் எல்லாம் வயதுக்கு உரியவை. பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் டாக்டர் நோட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. 74 குறிப்புகளில் 21-ஐ பென்சிலால் கோடிட்டிருந்தார். அவற்றைப் படித்துப் பார்க்கச் சொன்னார்.

"நாசிக் கல்யாணத் தேதியை இவளிடம் சொல்ல மறந்திருக்கிறேன்." நான்கு நாள் கழித்து: "மீண்டும் கல்யாணத் தேதியைச் சொல்லவில்லையாம். சொன்னதாகத்தான் நினைத்தேன்." அடுத்த வாரம்: "கல்யாணம் பற்றி மூன்றாவது தடவை சண்டை. என் ஞாபகத்தை இனி நம்ப முடியாது." இன்னொரு பக்கத்தில்: "டீயில் இரண்டு மடங்கு சர்க்கரை. நான் முதலிலேயே போட்டிருப்பேன் போலிருக்கிறது." பிறகு: "கேஸ்காரனுக்குப் பணம் கொடுத்தது யார் என்று வாக்குவாதம். நான் கொடுக்கவில்லை என்றால் அவள் கொடுத்திருக்க வேண்டும். அவள் கொடுக்கவில்லை என்கிறாள். ஆகவே நான்தான்."

இந்த 21 இடங்களிலும் வீட்டில் இன்னொருவர் இருந்திருக்கிறாரே, அவரை ஏன் அழைத்து வரவில்லை என்று டாக்டர் கேட்டார்.

அவளுக்கு ஒன்றுமில்லை, மறதி எனக்குத்தான் என்று சொல்லத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார். "என்னைப் பற்றிய நிம்மதி ஆஸ்பத்திரி மாடிப்படி இறங்கும் வரைகூட நிற்கவில்லை" என்கிறார்.

மனைவிக்கு 68 வயது. நகராட்சிப் பள்ளியில் மராத்தி ஆசிரியையாக இருந்தவர். கணவர் தன்மீது சந்தேகப்பட்டு எழுதிய நோட்டில், மனைவியின் மறதி 21 முறை அவர் பெயரில் பதிவாகியிருந்தது.

இது அபூர்வமல்ல. நினைவுக்கான சிகிச்சைப் பிரிவுகளில் டாக்டர்கள் அடிக்கடி பார்ப்பதுதான். தனியாகவே வந்து, மறந்த ஒவ்வொன்றையும் விவரமாக அடுக்குபவருக்குப் பெரும்பாலும் கவலையோ தூக்கமின்மையோதான் இருக்கும். நோய் உண்மையில் தொடங்கியவர் பல சமயம் தனக்கு ஒன்றுமில்லை என்பார். பொய் சொல்வதில்லை. மறந்தோம் என்பதையும் சேர்த்தே மறந்துவிடுவதால் அவருக்கு அது தெரிவதில்லை. கேள்வி கேட்டால் பதிலுக்குப் பக்கத்தில் இருப்பவர் முகத்தைத் திரும்பிப் பார்ப்பார். அதனால்தான் நோயாளி சொல்வதோடு, கூட வாழ்பவர் சொல்வதையும் கேட்காமல் டாக்டர்கள் முடிவுக்கு வருவதில்லை. ஒருவர் மட்டும் எழுதும் நோட்டைவிட இருவர் எழுதும் நோட்டு அதிகம் பேசும்.

எழுதுவதற்குப் பெரிய முறை எதுவும் தேவையில்லை. தேதி, நேரம், நடந்தது, எவ்வளவு நேரத்தில் நினைவு வந்தது, அதுவாக வந்ததா யாராவது சொன்ன பிறகு வந்ததா என ஐந்து விவரங்கள் போதும். அன்றைய தூக்கம், புதிதாக எடுத்த மாத்திரை, காய்ச்சல், வீட்டில் நடந்த துக்கம் ஆகியவற்றையும் ஓரத்தில் எழுதலாம். நடந்த உடனே ஒரு துண்டுத் தாளில் குறித்து, இரவில் நோட்டில் ஏற்றுவது நல்லது. 'இன்று மோசம்' என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. 'பால் அடுப்பில் இருப்பதை மறந்து கோவிலுக்குப் போய்விட்டேன், பக்கத்து வீட்டுக்காரர் அணைத்தார்' என்று எழுதினால் டாக்டருக்குப் பயன்படும்.

படிக்கும்போது கவனிக்க வேண்டியது எண்ணிக்கை அல்ல, வகை. மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் மறப்பது சகஜம். அரிசி டப்பாவுக்குள் அது கிடைத்து, எப்படி அங்கே போனது என்று யோசித்தும் புரியாமல் போவது கவனிக்க வேண்டியது. கல்யாணத்தில் பார்த்த தூரத்து உறவினர் பெயர் மறக்கலாம். கல்யாணத்துக்குப் போனதே மறக்கக்கூடாது. பேச்சில் ஒரு வார்த்தை தட்டுவது ஒன்று. கரண்டி, சாவி போன்ற அன்றாடப் பொருள்களுக்கு 'அது, இது' என்று சொல்லத் தொடங்குவது வேறு. புது ஊரில் வழி தவறலாம். 30 ஆண்டுகள் நடந்த தெருவில் தவறினால் டாக்டரைப் பார்க்க வேண்டும். சில்லறை எண்ணத் திணறுவது, கைவந்த சமையலில் வரிசை தப்புவது, ஒரே கேள்வியை அரை மணிக்குள் மூன்று தடவை கேட்பது ஆகியவையும் அந்தப் பட்டியலில் சேரும்.

எழுதத் தெரிந்தவர்களுக்குச் சரி. இந்தியக் கிராமங்களின் பாட்டிகளுக்கு? இந்தக் கேள்வியை ஹரியானாவின் பல்லப்கர் பகுதியில் ஆய்வாளர்கள் நேருக்கு நேர் சந்தித்தார்கள். அமெரிக்காவில் 1975-ல் உருவான, உலகம் முழுவதும் பயன்படும் ஒரு நினைவுச் சோதனை, ஒரு வாக்கியம் எழுதச் சொல்லும். 'கண்களை மூடு' என்று எழுதிய அட்டையைக் காட்டிப் படித்துச் செய்யச் சொல்லும். பல்லப்கர் முதியவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்கூடத்தை மிதிக்காதவர்கள். அப்படியே கேட்டிருந்தால் ஊரில் பாதிப் பேரை நோயாளியாக்கியிருக்கும். 1995-ல் வெளியான இந்தி வடிவத்தில், எழுதுவதற்குப் பதிலாக உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டார்கள். அட்டைக்குப் பதிலாகக் கேட்பவரே கண்ணை மூடிக்காட்டி அதைப்போலச் செய்யச் சொன்னார். இப்போது காலையா, மத்தியானமா, சாயங்காலமா என்றும் கேட்டார்கள். குடும்பத்தினரிடம் வேறு கேள்விகள்: வீட்டில் பேசப்படும் விஷயங்களில் கலந்துகொள்கிறாரா, சொன்ன வேலையை முடிக்கிறாரா என்று. 2001-ல் வெளியான முடிவின்படி, அல்ஸைமர் நோய் புதிதாகத் தாக்கும் விகிதம் உலகிலேயே மிகக் குறைவாகப் பதிவான இடங்களில் ஒன்று பல்லப்கர்.

பாட்டியால் எழுத முடியாவிட்டால் மருமகள் எழுதலாம். அவருக்கும் நேரமில்லையா, சுவரில் காலண்டர் தொங்குகிறது. மகாராஷ்டிர வீடுகளில் காலநிர்ணய் காலண்டரின் கட்டங்களில் பால் வராத நாளைக் குறிப்பதுபோல, மாமியார் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்ட நாளில் ஒரு புள்ளி, அடுப்பை அணைக்க மறந்த நாளில் ஒரு வட்டம். மாதம் முடிந்தால் புள்ளிகள் கூடுகின்றனவா என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

நோட்டோடு போவதன் பெரிய லாபம், குணப்படுத்தக்கூடியவை முதலில் பிடிபடும் என்பதே. தைராய்டு சுரப்பு குறைந்தால் மறதி வரும். மனச்சோர்வு வந்தால் வரும். தூக்க மாத்திரையும், சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகளும் முதியவரின் நினைவைக் கலக்கும். தலையில் அடிபட்டுச் சில வாரம் கழித்து மூளையைச் சுற்றி ரத்தம் கட்டினாலும் குழப்பம் தெரியும். சைவ உணவுக்காரர்களிடம் பி12 வைட்டமின் பற்றாக்குறை பரவலாக இருப்பதைப் புனேயில் நடந்த ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் சாதாரண ரத்தப் பரிசோதனையும், மாத்திரைச் சீட்டை ஒருமுறை புரட்டுவதும், தேவைப்பட்டால் ஒரு ஸ்கேனும் போதும். காது கேளாமை இன்னொன்று. காதில் விழாததை மறந்துபோனதாகக் குடும்பம் எண்ணிக்கொள்ளும். லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-ல் டிமென்ஷியாவுக்கு வழிவகுக்கும் 14 காரணங்களைப் பட்டியலிட்டது. காது மந்தம், ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, தனிமை, திருத்தப்படாத பார்வைக் குறை ஆகியவை அதில் உண்டு. எல்லாவற்றையும் சரிசெய்தால் உலகின் டிமென்ஷியாவில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் மதிப்பீடு.

நோயே என்றாலும் முன்கூட்டித் தெரிவதில் அர்த்தம் உண்டு. லெகனெமாப், டொனனெமாப் என்ற இரு மருந்துகளுக்கு அமெரிக்கா முறையே 2023-லும் 2024-லும் முழு அனுமதி தந்தது. இரண்டும் அல்ஸைமரை நிறுத்துவதில்லை, மெதுவாக்குகின்றன. அதுவும் ஆரம்பக் கட்டத்தில் மட்டும். மூளை வீக்கம், ரத்தக் கசிவு என்ற அபாயங்களும் கூடவே இருக்கின்றன. மருந்தைவிடப் பலருக்கு முக்கியமானது வேறு. மனம் தெளிவாக இருக்கும்போதே வங்கிக் கணக்கையும் உயிலையும் ஒழுங்குசெய்யலாம். 2017-ன் மனநலச் சட்டம், பின்னாளில் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தனக்காக யார் முடிவெடுப்பது என்று முன்னதாகவே எழுதிவைக்கும் உரிமையைத் தருகிறது. மனநோய்க்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் நினைவின் கோளாறும் சேர்கிறது.

இதே காரணத்தால் எழுதப் பயப்படுபவர்களும் இருக்கிறார்கள். 'அப்பாவுக்கு நினைவு சரியில்லை' என்பது சொத்துள்ள குடும்பத்தில் சாதாரண வாக்கியம் இல்லை. தன் கையெழுத்திலேயே தனக்கு எதிராகச் சாட்சி எழுதிவைப்பதா என்று கேட்பவரை அசட்டுத்தனமாகப் பேசுகிறார் என்று தள்ள முடியாது. சாதாரண மறதியைச் சட்டம் சித்தக் கலக்கமாகக் கருதுவதில்லை என்றாலும், நோட்டு யார் கையில் இருக்க வேண்டும், யார் படிக்கலாம் என்பதை முதலிலேயே முடிவு செய்வது நல்லது. இன்னொரு அபாயம், எழுதுவதே வியாதியாவது. நாள் முழுக்கத் தன்னையே வேவு பார்ப்பவருக்குக் கவலை ஏறும். கவலை ஏறினால் மறதியும் ஏறும். இரண்டு மூன்று மாதம் எழுதி டாக்டரிடம் காட்டிவிட்டு நிறுத்தலாம். ஆறு மாதம் கழித்து ஒரு மாதம் எழுதி ஒப்பிடலாம்.

எழுதினால் நோய் வராது என்று நம்புபவர்களும் உண்டு. அமெரிக்காவில் 678 கன்னிகாஸ்திரீகளை 1986 முதல் தொடர்ந்து கவனித்த டேவிட் ஸ்னோடனின் ஆய்வை அவர்கள் மேற்கோள் காட்டுவார்கள். மடத்தில் சேர்ந்த இளம் வயதில் அவர்கள் எழுதியிருந்த தன் வரலாறுகளில், கருத்து செறிவாக எழுதியவர்களுக்கு அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு அல்ஸைமர் குறைவாக இருந்தது என்று 1996-ல் வெளியானது. ஆனால் அது 22 வயதில் எழுதியதைப் பற்றியது. 70 வயதில் நோட்டுப் போட்டால் காப்பாற்றும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. வாழ்நாள் முழுவதும் எழுதிய ஆங்கில நாவலாசிரியை ஐரிஸ் மர்டாக்கையும் அல்ஸைமர் விடவில்லை. அவருடைய கடைசி நாவலில் சொற்களின் வகை குறைந்திருந்ததை, அவர் 1999-ல் இறந்த பின் ஆய்வாளர்கள் எண்ணிக் காட்டினார்கள். நோட்டு கேடயமாகாது. நடப்பதைக் காட்டும், அவ்வளவுதான்.

சதாசிவ் பேட்டை ஆசிரியை முதலில் டாக்டரிடம் வர மறுத்தார். தன் பின்னால் நோட்டுப் போட்டு உளவு பார்த்ததாகக் கணவரோடு இரண்டு நாள் பேசவில்லை. தாணேயிலிருந்து மகள் வந்து சமாதானம் செய்தாள். நியூ ஜெர்சியிலிருந்து மகன் போனில் பேசினான். கடைசியில் அவரை இணங்கவைத்தது நோட்டுதான். பென்சில் கோடிட்ட பக்கங்களை ஆசிரியைபோலவே வரிவரியாகப் படித்தார். கல்யாணத் தேதிச் சண்டை மூன்றில் ஒன்றுதான் தனக்கு நினைவிருக்கிறது என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலை புடவை மாற்றிக்கொண்டு தயாராக நின்றார்.

பரிசோதனையில் பி12 மிகவும் குறைவு என்று தெரிந்தது. இடது காது மந்தமாகியிருந்தது. இரண்டுக்கும் சிகிச்சை தொடங்கியது. ஊசிகளுக்கும் காதுக் கருவிக்கும் பிறகு அவர் கலகலப்பாகிவிட்டார் என்கிறார் கணவர். சண்டைகள் பாதியாகின. ஆனால் முழுவதும் போகவில்லை. டாக்டர் அதை லேசான நினைவுக் குறைபாடு என்கிறார். வயதுக்குரிய மறதிக்கும் டிமென்ஷியாவுக்கும் நடுவில் இருக்கும் நிலை. இதிலிருந்து சிலர் ஆண்டுகள் செல்லச் செல்ல டிமென்ஷியாவுக்குப் போவார்கள், சிலர் அப்படியே நிற்பார்கள், சிலர் இயல்புக்குத் திரும்புவதும் உண்டு. அவர் எந்தப் பக்கம் போவார் என்று இப்போது சொல்ல முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும், நோட்டோடு.

நோட்டில் இப்போது பக்கத்துக்கு இரண்டு பத்திகள். நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டவர் கணவர். இடப்பக்கம் அவருடைய மறதியை மனைவி எழுதுகிறார். வலப்பக்கம் மனைவியின் மறதியைக் கணவர் எழுதுகிறார். எழுதிய பிறகு இருவரும் மாற்றிப் படித்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். கணவரின் எழுத்துப்பிழைகள் சிவப்பு மையில் திருத்தப்பட்டிருக்கின்றன. 40 ஆண்டுப் பழக்கம்.

சென்ற மழைக்காலத்துப் பக்கம் ஒன்றில், இடப் பத்தியில், ஆசிரியையின் குண்டு குண்டான கையெழுத்து. "சாரஸ் பாக் பிள்ளையார் கோவிலில் குடையை விட்டுவிட்டு வந்தார். திரும்பிப் போய் எடுத்து வந்தோம்." நான்கு வரிகளுக்குக் கீழே, அதே தேதியில், அதே கையெழுத்தில், அதே இரண்டு வாக்கியங்கள் இன்னொரு முறை இருக்கின்றன. கணவர் அதை அடிக்கவில்லை. வலப் பத்தியிலும் எதுவும் எழுதவில்லை. இரண்டுக்கும் கீழே தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.